உர்ஹோவின் படிகக்கல்

ஐலி அக்கா வீட்டு வாசலில் காலணிப் பனியை உதறிவிட்டு உள்ளே நுழைந்தேன். அவள் கணவர் உர்ஹோ நிலவறையில் இறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. சமையலறையில் ஏலக்காய் ரொட்டி வாசனை. அதற்கு அடியில், நிலவறைப் பக்கமிருந்து, கருகிய ரப்பர் வாடை லேசாக வந்தது.

"வாப்பா அர்வோ. காபியைக் குடிச்சிட்டு அந்த ரேடியோப் பெட்டிச் சனியனைத் தூக்கிட்டுப் போ. கல்யாணமான நாள்லேருந்து எனக்குச் சக்களத்தியா இருந்துச்சு."

"ஞாபகத்துக்கு வேணாமா அக்கா?"

"நல்லா இருக்கு. கனவுல வந்தாக்கூட மனுஷன் தந்தி அடிக்கிற மாதிரி டிட்-டான்னுதான் தட்டுறாரு." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "நான் கீழ போய்ப் பாத்தப்போ வலது கை பெட்டியில செருகின படிகக்கல்லுல ஒட்டிக் கிடந்துச்சு. இடது கை இரும்புப் பெட்டியில. கோட்டோட இடது பை வெளிய பிதுங்கியிருந்துச்சு அர்வோ. கையை யாரோ பிடுங்கி எடுத்த மாதிரி."

எனக்கு அது புரியவில்லை. மின்சாரம் ஓடும் பெட்டியைத் தொட வேண்டியிருந்தால், ஒரு கையால் மட்டும் தொடுவோம். மற்ற கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொள்வோம். இரண்டு கையும் பட்டால் மின்சாரம் ஒன்றில் ஏறி நெஞ்சு வழியாக மற்றதில் இறங்கும். எங்கள் ரேடியோக்காரர்களில் இது தெரியாதவன் இல்லை. உர்ஹோ ஒருநாளும் அதை மீறியவரில்லை.

"அந்தக் கல்லை எங்க வாங்கினாரு?"

"கீழூர்ல ஒரு விதவைகிட்ட. அவ புருஷனும் ரேடியோக்காரன்தான். எப்படிச் செத்தான்னு நான் கேக்கல." கோப்பையைக் கழுவியபடியே சொன்னாள்: "கேட்டிருக்கணும்."

புதிதாக ரேடியோ உரிமம் வாங்கியவன் நான். பெட்டி கிடைக்கிற ஆசையில் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

என் வீட்டு நிலவறையில் குளிர் எலும்பைக் கடித்தது. கோட்டைக் கழற்றாமலே பெட்டியை மேசையில் வைத்து இணைத்தேன். முன்பக்கத் துளையில் கல் செருகியிருந்தது. தீப்பெட்டியில் பாதியளவு கறுப்புக் கூடு. அதற்குள் இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே, கட்டைவிரல் நகமளவில் ஒரு படிகச் சில்லு. மின்சாரம் பட்டால் அது துடிக்கும். எத்தனை வேகத்தில் துடிக்கும் என்பதை அதன் கனம்தான் முடிவு செய்கிறது. ஆகவே கல்லுக்குக் கல் அலைவரிசையில் ஓர் இடம். என்னைப் போன்ற புதியவர்கள் கல் வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். நான் என் இடத்திலிருந்து கூப்பிடுவேன். பதில் சொல்பவன் அவன் கல்லின் இடத்திலிருந்து சொல்வான். அதனால் கூப்பிட்டு முடித்ததும் ரிசீவரின் குமிழைத் திருப்பி எல்லா இடங்களிலும் தேடுவோம்.

கூப்பிட்டேன். தந்தி தட்டும் சாவியிலிருந்து கையை எடுத்தேன்.

குமிழைத் தொடவே இல்லை. அதற்குள் பதில் வந்தது.

என் இடத்திலேயே. இம்மிகூட விலகாமல்.

மெதுவான தட்டல். ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் ஓர் இழுப்பு, நொண்டுபவர் காலை இழுப்பதுபோல். உர்ஹோவின் அந்தக் கையை இந்த ஊர் ரேடியோக்காரர் எல்லோருக்கும் தெரியும்.

"பையில் கை வேண்டாம்."

மறுபடியும் அதே.

"பையில் கை வேண்டாம்."

மாடிக்கு ஓடி எதிர்வீட்டு லாவ்ரிக்குத் தொலைபேசினேன்.

"டேய், செத்த மனுஷன் மாதிரி தட்டி விளையாடறியா?"

"நானா? இப்பத்தான் சவுனா நீராவிக் குளியல்லேருந்து வந்து துண்டோட நிக்கறேன். குளிருது, வைடா போனை!"

வேறு எவனோ உர்ஹோவின் கல்லுக்கு இணையான கல் வைத்திருக்கிறான் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அதைச் சோதிக்க வழி இருக்கிறது. கல்லைத் தேய்த்தால் மெலியும், மெலிந்தால் வேகம் ஏறும், இடம் மாறிவிடும். அவன் பழைய இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

மின்சாரத்தை நிறுத்திக் கூட்டைத் திறந்தேன். கண்ணாடிப் பலகையில் தேய்ப்புப் பொடியும் தண்ணீரும் விட்டு, சில்லை விரல்நுனியால் எட்டுப் போட்டுத் தேய்த்தேன். கழுவி மூடிச் செருகினேன். மின்சாரம் கொடுத்தேன். எந்த இடத்துக்கு வந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. புதிய இடத்தைக் கண்டுபிடித்து, ரிசீவரை அங்கே நிறுத்தி, கூப்பிட்டேன்.

அங்கேயே பதில் வந்தது.

இம்மிகூட விலகாமல்.

"அர்வோ. பையில் கை வேண்டாம்."

என் பெயரை நான் அனுப்பவே இல்லை.

அந்தச் சத்தம் நின்றால் போதும் என்றிருந்தது. கல்லைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்ச் பெட்டியின் பின்பக்கம், கல்லோ கைக்கெட்டும் தூரத்தில். அந்தப் பழைய பெட்டியில் கல்லின் கூட்டை இணைக்கும் உலோக முள்ளிலேயே ஆளைக் கொல்லும் மின்சாரம் உண்டு. ஆனால் ஒற்றைக் கை விதி இருக்கிறதே. அதைச் செய்யாதே என்பவன் என்னைக் கொல்லப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன்.

வலது கையைக் கல்லிடம் கொண்டுபோனேன்.

இடது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டேன்.

பை காலியாக இல்லை.

ஈரமான, சில்லென்ற விரல்கள் என் விரல்களுக்குள் கோத்துக்கொண்டன. விரல்நுனிகள் வழவழவென்று தேய்ந்திருந்தன. காலமெல்லாம் கல் தேய்த்தவனின் விரல்கள். உர்ஹோவின் கை முரடு, காய்ப்பேறியது. இது அவர் கையல்ல.

அது என் கையை வெளியே இழுத்தது.

வலது கை ஏற்கெனவே முள்ளில் பட்டு இறுகிவிட்டது. விட முடியவில்லை. என் இடது கை பெட்டியின் இரும்பை நோக்கி நகர்வதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். பை வெளியே பிதுங்கித் தொங்கியது. ரிசீவரில் தட்டல் வேகமெடுத்தது, அழுவதுபோல்.

விரலுக்கும் இரும்புக்கும் இடையில் ஒரு நகக்கனம்.

தரையில் கிடந்த வயரில் கால் சிக்கியது. முழு பலத்தோடு உதைத்தேன். பிளக் பிடுங்கிக்கொண்டது.

இருட்டு. அமைதி.

என் கையைப் பிடித்திருந்த விரல்கள் இல்லை. காலிப் பை மட்டும் வெளியே தொங்கியது.

விடிந்ததும் உறைந்த ஏரியில் மீன்பிடிக்கத் தோண்டிய துளை ஒன்றில் அந்தக் கல்லைப் போட்டேன். பெட்டியையும் உடைத்தேன். நடந்ததைக் கேட்ட ஐலி அக்கா என் கோட்டின் இரண்டு பைகளையும் இரட்டை நூலால் தைத்து மூடினாள்.

"எச்சரிக்கத்தான் வந்திருக்காரு மனுஷன்," என்றாள் மெதுவாக. "அப்போ இன்னொருத்தன் யாருப்பா?"

வசந்தம் வந்து ஏரிப் பனி உடைந்த அன்று, ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்தேன். இடது பையில் தையல் ஒரு விரலகலம் பிரிந்திருந்தது. நூல் முனைகள் வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தன.

கீழே தரையில் ஈரமான தேய்ப்புப் பொடி.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த தையல், உள்ளிருந்து விரல் தள்ளுவதுபோல், மெல்ல விறைத்தது.