மரநாய்ப் பாறையில் பிரம்பு விதை

சீ! காடு அழகு என்று சொல்கிறவர்களை ஒரே ஒரு நாள் இந்த ஓடைக்குள் இறக்கிவிட வேண்டும். முழங்கால் வரை அழுகிய இலை, கழுத்தில் அட்டை, போதாக்குறைக்குச் சட்டையைப் பிடித்து இழுக்கும் பிரம்பு முள்!

"ஜெசிந்தா, அசையாதட்டி! இழுத்தா இன்னும் மாட்டும். மெல்ல ஒரு அடி பின்னால வச்சுக் கழட்டு!" என்று கத்தினாள் ரூபவதி.

மலையடிவார நாற்றங்காலுக்கு ரூபவதிதான் பொறுப்பு. ஜெசிந்தா அவளுடன் வேலை பார்ப்பவள். போன வருடம் பழச்சதையின் பிசுபிசுப்பைத் தொட அருவருத்து, பிரம்பு விதை முழுவதையும் நெல்லைப் போலத் தார்ப்பாயில் பரப்பி வெயிலில் காயவைத்தவள் ரூபவதி. ஒன்றுகூட முளைக்கவில்லை. பிறகு வந்த வெள்ளம் அந்த விதையைத் தந்த தாய்ப்புதரையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. மேட்டுக்கு அந்தப் பக்கம் காய்க்கிற புதர் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதிலும் விதை கிடைக்காவிட்டால் இந்தப் பள்ளத்தாக்கில் இனிப் பிரம்பே இல்லை. அந்தப் பழி தன் தலையில்தான் என்று அவளுக்குத் தெரியும்.

மேடேறி இறங்கியதும், காணிப் பழங்குடியைச் சேர்ந்த வழிகாட்டி பூதத்தான் அந்தப் புதரடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். குலையெல்லாம் மொட்டை!

"போச்சு! மரநாய் முந்திட்டுது தாயி."

ரூபவதிக்கு அழுகை முட்டியது. "ஐயோ, இப்ப என்ன அண்ணாச்சி செய்ய?"

"தின்னது எங்கயாவது வெளிய வரணும்லா? வாங்க!"

கொஞ்சம் தள்ளி ஒரு பாறை. மரநாய்கள் வழக்கமாக வந்து மலம் கழிக்கும் இடம். உவ்வே! புளித்த கள்ளும் செத்த எலியும் சேர்ந்தாற்போல ஒரு நாற்றம். ஜெசிந்தா அங்கேயே வாந்தி எடுத்தாள். ஆனால் அந்த அசிங்கம் முழுக்கப் பிரம்பு விதைகள்!

வெயில் படும் பக்கம் பழைய குவியல் காய்ந்து, வாடையே இல்லாமல் கிடந்தது. ரூபவதி நிம்மதியாக அதை அள்ளப் போனாள்.

"அதைத் தொடாதீங்க! காஞ்சது செத்தது. போன வருசம் பட்டது போதாதா? ஈரமா கெடக்குல்லா, அதுலதான் உசுரு இருக்கு."

ஈரக் குவியல் நெளிந்தது. புழு! ரூபவதி மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையையும் உள்ளே விட்டாள். கொழகொழவென்று விரலிடுக்கில் ஏறியது. "கருமம்! கருமம்!" என்று திட்டிக்கொண்டே ஒரு வாளி நிறைய அள்ளினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர்களைச் சுற்றி மூன்று வரிசை காலி. கண்டக்டர் டிக்கெட்டைத் தூரத்திலிருந்தே நீட்டினார். அன்று மாலையே விதைகளை மணலோடு தேய்த்து, ஒட்டியிருந்த சதையெல்லாம் போகக் கழுவி, நிழலில் ஈரமணல் பாத்தியில் விதைத்தார்கள். மேலே மக்கிய இலைத்தூள் மெல்லிசாக. பாத்தி ஒரு நாள்கூடக் காயாமல் ரூபவதி பார்த்துக்கொண்டாள்.

எழுபதாம் நாள் காலையில் ஜெசிந்தா போட்ட கூச்சலில் தெருவே ஓடிவந்தது. பாத்தி முழுக்க ஊசி ஊசியாகப் பச்சை! ரூபவதி அப்படியே மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சேதி கேட்டுப் பூதத்தானும் வந்து சேர்ந்தார்.

"சுத்தம் பாத்த வருசம் ஒண்ணுமே முளைக்கல அண்ணாச்சி. சகிச்சுக்கிட்டு அள்ளினேன், பாருங்க!"

பூதத்தான் தலையாட்டினார். "அடுத்த வருசம் ரெண்டு வாளியா கொண்டாங்க."

"உவ்வே!" என்றாள் ரூபவதி. மறுநாளே போய் இன்னொரு வாளி வாங்கி வந்தாள்.