காதுக்கும் தோளுக்கும் நடுவே ஓர் ஏரி

காலையில் எழுந்ததும் தாயுமானவன் செய்கிற முதல் வேலை, இரவெல்லாம் தானும் மனைவியும் விட்ட மூச்சைச் சுவரிலிருந்து வழித்துக் காபி போடுவது. செவ்வூரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். குளிர்ச்சுவரில் மூச்சின் ஈரம் முத்து முத்தாகப் படிந்திருக்கும். ரப்பர் பட்டையால் மேலிருந்து கீழே இழுத்தால் அடியிலுள்ள குழியில் வந்து சேரும். இரண்டு பேர் மூச்சுக்கு இரண்டு டம்ளர் காபி. வடிகட்டி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் முந்தின நாள் சாப்பாட்டை அது முழுதாக மறப்பதில்லை.

“ராத்திரி பூண்டுக் குழம்பை ஒரு பிடி பிடிச்சீங்கல்ல,” என்றாள் செங்கமலம், முதல் வாயிலேயே. “காபி சொல்லுது.”

“குறட்டை விட்டது நீ. உன் பக்கத்துச் சுவர்லதான் தண்ணி அதிகம். அப்படிப் பார்த்தா இது உன் காபி.”

தாயுமானவன் செவ்வாயில் பிறந்த மூன்றாம் தலைமுறை. ஒரே இடத்தில் அவன் பார்த்த அதிகபட்சத் தண்ணீர் ஒரு குடம். அதுவும் கல்யாணத்தன்று. மணமக்கள் ஊர்ப் பொதுக்குடத்தை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம் என்பது செவ்வூர்ச் சம்பிரதாயம். குடத்துக்குள் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து அவன் பயந்து பின்வாங்கியதை செங்கமலம் இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் விடுவதில்லை.

இப்படிப்பட்டவன்தான் செவ்வூரில் தண்ணீர் விஷயத்தில் பெரிய கை.

விஷயம் இதுதான். பூமியிலிருந்து வந்த முன்னோர் தங்கள் கைப்பேசிகளையும் கொண்டுவந்திருந்தார்கள். அவற்றில் கோடிக்கணக்கான படங்கள். ஆறு, ஏரி, கடல், கால்வாய் என்று அவர்கள் போகாத நீர்நிலை இல்லை. ஆனால் போன இடத்திலெல்லாம் தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று தங்கள் முகத்தைத்தான் எடுத்திருந்தார்கள். காவிரி என்பது யாரோ ஒரு சித்தப்பாவின் இடது காதுக்கும் தோளுக்கும் நடுவே இருக்கிற ஒரு முக்கோணம். இதற்காகவே ‘முகநீக்கி’ என்றொரு கருவி செய்தார்கள். அது முன்னால் நிற்கிற ஆட்களைத் துடைத்துவிட்டு, பின்னால் எஞ்சிய தண்ணீரைப் பெரிதாக்கிக் காட்டும். அந்தத் துண்டை வைத்து, இது எந்த நீர், அதில் மிதப்பது என்ன படகு என்று சொல்ல வேண்டும். இதற்கு நீர்காண் போட்டி என்று பெயர். தண்ணீரே இல்லாத ஊருக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு வேறென்ன இருக்க முடியும்?

தாயுமானவன் இதில் மன்னன். ஆகாயத்தாமரை மண்டியிருந்தால் ஒரு நாடு, விளிம்பில் டயர் கட்டியிருந்தால் படகுத்துறை, பாலித்தீன் பைகள் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கின்றன என்று பார்த்தால் நீரோட்டம். ஓர் ஊர்க்காரர்களின் குப்பையை வைத்தே அவர்கள் ஆற்றின் பெயரைச் சொல்லிவிடுவான்.

இந்த வருஷம் அவனுக்கு அது விளையாட்டாக இல்லை. செங்கமலம் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அவர்கள் அறை இரண்டு பேர் மூச்சுக்கு அளவெடுத்துக் கட்டியது. மூன்றாவது மூச்சுக்கு அனுமதி கிடையாது. பெரிய வீடு கிடைக்கும்வரை தாயும் பிள்ளையும் பொதுப் பிள்ளைக்கூடத்தில் இருக்க வேண்டும். தகப்பன் வாரம் ஒருமுறை கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைக்கலாம். அப்படிக் கையசைத்தே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய தகப்பன்கள் செவ்வூரில் உண்டு. வீட்டுக்கான வரிசை அவ்வளவு நீளம்.

குடியேற்ற வாரியம் இந்த முறை முதல் பரிசாக அறிவித்தது ஒரு வீட்டுமனை. அல்லிக்குழி நகர் என்ற புதிய குடியிருப்பில், எத்தனை மூச்சு வேண்டுமானாலும் விடக்கூடிய வீடு கட்டிக்கொள்ளலாம். ‘நான்கு பக்கமும் இயற்கை மதில். காற்றடிக்காத பள்ளம். கால் புதையும் மெத்தென்ற மண்’ என்று எல்லாச் சுவரிலும் விளம்பரம். இரண்டாம் பரிசு, கடைசிப் படத்தில் வரும் பூமிப் படகின் அச்சு அசலான நகல்.

இறுதிச் சுற்றில் எஞ்சியவர்கள் இரண்டு பேர். ஒருவன் தாயுமானவன். இன்னொருவன் அவன் பக்கத்து அறைக்காரன் பால்துரை. பால்துரையின் கொள்ளுத்தாத்தா தூத்துக்குடிக்காரர். அதனால் கடல் தன் ரத்தத்தில் ஓடுவதாகச் சொல்லிக்கொள்வான். அல்லிக்குழியில் ஏற்கெனவே ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தான். இரண்டாவதும் இருக்கட்டுமே என்றுதான் போட்டிக்கு வந்திருந்தான்.

“என்னவே, கை நடுங்குது?” என்றான் மேடையில்.

“குளிருது மச்சான்.”

“குளிருதா, இல்ல கண்ணாடிக்கு வெளிய நின்னு கையாட்டப் பழகுதியா?”

தாயுமானவனுக்குச் சிரிப்பு வரவில்லை. முன்வரிசையில் செங்கமலம் வயிற்றின்மேல் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

நடுவன் என்ற தீர்ப்பு எந்திரம் கடைசிப் படத்தைத் திரையில் விரித்தது. பழுப்பு நிறத் தண்ணீர். இரண்டு பக்கமும் மாடி வீடுகள், நடுவே நேராக ஒரு நீர்வழி. ஆரஞ்சு நிற ரப்பர் படகு ஒன்றில் நாலைந்து பேர், ஒரு நாய்.

பால்துரை மணியை அடித்துவிட்டான். “வெனிஸ். ரெண்டு பக்கமும் வீடு, நடுவுல கால்வாய். உல்லாசப் படகு. சின்னப் பிள்ளையும் சொல்லிரும்.”

“தவறு,” என்றது நடுவன்.

அவை தாயுமானவன் பக்கம் திரும்பியது. அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். படகில் இருந்த அம்மாள் மடியில் எதையோ கட்டிப்பிடித்திருந்தாள். மிக்சி. உல்லாசப் பயணத்துக்கு யாராவது மிக்சி கொண்டுபோவார்களா? கால்வாயின் நட்டநடுவில் ஒரு மின்கம்பம். ஒரு வீட்டு கேட்டின் மேல்பாதி தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. அதில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று பலகை. அந்த நாயோ படகில் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துப் பயந்துகொண்டிருந்தது.

“இது ஆறு இல்ல,” என்றான் மெதுவாக. “கால்வாயும் இல்ல. இது தெரு. பழைய சென்னைல ஏதோ ஒரு தெரு. அது மீட்புப் படகு.”

அவை கொல்லென்று சிரித்தது. செங்கமலம் கண்ணை மூடிக்கொண்டாள்.

“சரி,” என்றது நடுவன்.

சிரிப்பு நின்றது. பால்துரை விடவில்லை. “அதெப்படி? போட்டி நீர்நிலைக்கு. தெரு எப்படிவே நீர்நிலை ஆகும்?”

“முதலில் அது ஏரி,” என்றது நடுவன். “பிறகு வற்றிக் கிடந்த ஒரு காலத்தில் அளந்து மனைகளாக விற்றார்கள். பிறகு தெரு. பிறகு மழை.”

“அப்ப ஏரின்னுல்லா சொல்லணும்?”

“தண்ணீரைக் கேட்டால் ஏரி என்றுதான் சொல்லும். பட்டாவைக் கேட்டால் தெரு என்று சொல்லும். படம் எடுத்தவர் ‘எங்கள் தெரு’ என்று குறித்திருக்கிறார். அதையே ஏற்கிறேன்.”

அதற்குப் பிறகுதான் உண்மையான சிரிப்பு கிளம்பியது. ஏரிக்குள் வீடு கட்டினார்களாம். கட்டிவிட்டுத் தண்ணீர் வந்துவிட்டது என்று அழுதார்களாம். அவ்வளவு தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, அது எங்கே நிற்கும் என்று தெரியாமல் இருந்த சனங்களை நினைத்துச் செவ்வூர் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்துக் கண்ணில் வந்த நீரைத் துடைத்த துணிகளை வாசலில் இருந்த சேகரிப்புத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள். அதிகமாகச் சிரித்தவர்கள் அல்லிக்குழியில் மனை வாங்கியவர்கள்.

மறுநாள் மனையைப் பார்க்கப் போனார்கள். செவ்வாயின் காற்று அப்போதே சற்றுத் தடித்திருந்தது. மூக்குக்கூடு ஒன்று மாட்டிக்கொண்டால் வெளியே நடக்கலாம். அல்லிக்குழி, பெயருக்கேற்ற குழி. வாணலியின் அடியில் நிற்பது போல இருந்தது. அங்கங்கே வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன.

தாயுமானவன் கைகளை விரித்து ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நடந்தான். “இது கூடம். இது பிள்ளைக்கு. இந்தப் பக்கம் குளிர்ச்சுவர். மூணு டம்ளர் காபிடி கமலம்.”

செங்கமலம் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்ணில் மெல்லிய வரிகள், அலையலையாக. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்தாள். வழவழவென்று உருண்டையாக இருந்தது.

“ஏங்க, போட்டி மாதிரி ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. இது என்ன இடம்?”

“நம்ம மனை.”

“படமா இருந்தா என்ன சொல்வீங்க?”

அவன் அந்தக் கல்லை வாங்கிப் பார்த்தான். இதைப் போலப் பல்லாயிரம் கற்களைப் படங்களில் பார்த்திருக்கிறான். எல்லாம் தண்ணீருக்கு அடியில். ஆனால் படங்களில் அவற்றுக்கு மேலே அவன் வீடு இல்லை.

“கல்லுன்னு சொல்வேன்,” என்றான்.

செங்கமலம் பனியுருக்கி நிலையத்தில் வேலை பார்ப்பவள். வானத்தில் நிறுத்திய பெருங்கண்ணாடிகளைத் திருப்பித் தென்முனைப் பனிமேல் வெயிலைப் பாய்ச்சுவது அவள் வேலை. என்றாவது ஒருநாள் செவ்வாயில் ஆறு ஓடும் என்பது நிலையத்தின் கனவு. நிலையமும் குடியேற்ற வாரியமும் ஒரே நடைபாதையில் எதிரெதிர் அறைகள். நடுவில் ஒரு தேநீர் இயந்திரம். இரண்டு அறைக்காரர்களும் அங்கே நின்று தினமும் பேசிக்கொள்வார்கள், தேநீர் சரியில்லை என்று.

“நாங்க உருக்கற தண்ணி எங்க வரும்?” என்று கேட்டாள்.

“பள்ளத்துக்கு வரும்.” சொல்லி முடித்ததும் அவன் முகம் மாறியது. பிறகு தானாகவே சரியானது. “அதுக்கு இன்னும் அறுபது வருஷம் ஆகும்னு வாரியமே சொல்லுது. அப்ப பாத்துக்கலாம்.”

“அப்ப இவனுக்கு அறுபது வயசு,” என்றாள் வயிற்றைத் தொட்டு. “மடியில மிக்சிய வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான்.”

கூட வந்திருந்த வாரியத்தின் விற்பனை எந்திரன் குறுக்கிட்டது. “கவலைப்பட வேண்டாம் அம்மா. வருங்காலத்தில் இது ஏரிக்கரை மனை. மதிப்பு ஏறும்.”

செங்கமலம் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வேண்டாம் என்றால் பிள்ளைக்கூடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாயுமானவன் கையசைப்பான். இவன் கையசைப்பதில்கூடத் திறமையில்லாதவன். பிள்ளை பயந்துவிடும்.

“சரி, கட்டுவோம்,” என்றாள். “ஆனா பால்துரை அண்ணன்கிட்ட அந்தப் படகையும் கேட்டு வாங்கிருங்க.”

பால்துரையின் அறை வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது, இரண்டாம் பரிசாக வந்த அந்த ஆரஞ்சுப் படகு. உள்ளே போக அவன் தினமும் அதன்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான்.

“எதுக்குத் தங்கச்சி? செவ்வாய்ல மிதக்கப் போறியா?”

“ஆமாண்ணே.”

அவனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. “எடுத்துக்கம்மா. பிள்ளைக்குத் தொட்டிலா ஆகும். மருமவப் பிள்ளைக்கு மாமன் சீருன்னு வச்சுக்க.” வீடு எழும்பியதும் அவனே தூக்கிக்கொண்டு வந்து, அவனே புதுவீட்டு வாசலில் கயிறு கட்டித் தொங்கவும் விட்டான். முடிச்சு மட்டும் நன்றாகப் போட்டான். ரத்தத்தில் ஏதோ ஓடத்தான் செய்தது போலிருக்கிறது.

வீடு முடியும்வரை சில மாதம் பிள்ளைக்கூடம்தான். பிள்ளை உட்காரத் தொடங்கியபோது வீடு புகுந்தார்கள். அதற்குச் சில நாள் முன்னால்தான், இலக்கைப் பல மடங்கு மிஞ்சிப் பனி உருக்கியதற்காக நிலையத்துக்குப் பாராட்டு விழா நடந்து, செங்கமலத்துக்கும் ஒரு பொன்னாடை கிடைத்திருந்தது. அறுபது வருஷக் கணக்கை யாரும் திருத்தவில்லை. அது வேறு அறையின் கணக்கு.

மறுநாள் காலை, மூன்று பேர் மூச்சில் போட்ட முதல் காபியை வந்திருந்த எல்லாரும் ஆளுக்கொரு வாய் குடித்தார்கள். “பால் வாசம்,” என்றாள் செங்கமலம். தாயுமானவன் முந்தின ராத்திரி பூண்டைத் தொட்டிருக்கவில்லை. பிறகு பால்துரை கையை நீட்டிக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் வாசலுக்கு அழைத்தான். புதுவீட்டுக்காரர்கள், அக்கம்பக்கத்தார், நடுவே படகுத் தொட்டிலில் பிள்ளை. குழியின் சுவருக்கு முதுகைக் காட்டி நெருக்கியடித்து நின்றார்கள்.

“எல்லாரும் இங்க பாருங்க. சிரிங்கவே.”

எடுத்துப் பார்த்தார்கள். எல்லா முகமும் பளிச்சென்று இருந்தது. தாயுமானவனின் இடது காதுக்கும் தோளுக்கும் நடுவே, தூரத்துச் செம்பாறையில் மேலிருந்து கீழாக ஒரு கறுத்த கோடு, வெயிலில் ஈரமாக மினுங்கிக்கொண்டு. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. காதுக்கும் தோளுக்கும் நடுவே இருப்பதைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த செவ்வூரின் மன்னன், தன் சிரிப்பு சற்றுக் கோணலாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

பிள்ளை மட்டும் கைப்பேசியைப் பார்க்கவில்லை. தொட்டிலின் விளிம்பைப் பிடித்துத் திரும்பி, அந்தக் கோட்டையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது.

“அடடா, பிள்ளை எங்கயோ பாக்குது பாரு,” என்றான் பால்துரை. “இன்னொண்ணு எடுப்போம்.”

தாயுமானவன் விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டான். செங்கமலம் பிள்ளையின் தாடையைப் பிடித்து மெல்ல இந்தப் பக்கம் திருப்பினாள். இரண்டாவது படம் நன்றாக வந்தது.