மடிப்பில் ஊறிய சாயம்

“மாமா, இத ஒருக்காத் தொட்டுப் பாக்கட்டா?”

நாற்பது வருடங்களுக்கு முன், களுவாஞ்சிக்குடியில் ஒரு கோயில் மேடையருகே ஒரு சிறுவன் கேட்ட கேள்வி அது. கேட்கப்பட்டவர் வயலின் வித்துவான் வினாயகமூர்த்தி. அவர் அதை அன்றைக்கே மறந்துவிட்டார். மறந்திராவிட்டால், ஏறாவூரில் மஜீடின் வானொலி திருத்தும் கடைக்குள் அவ்வளவு கொதிப்போடு நுழைந்திருக்கமாட்டார்.

பெரிய இசைத்தட்டு ஒன்றையும் குறுந்தட்டு ஒன்றையும் மேசையில் வைத்தார்.

“அந்தக் களுவாஞ்சிக்குடிக் கோயில் கச்சேரியப் புதுசாத் துலக்கி வெளியிட்டிருக்கான் கல்லடி ஸ்டூடியோக்கார நிலோஜன். புஸ்பம் பாட்டு, நான் வயலின். என்ட தனி வாசிப்பு பதினொரு நிமிஷம். இதிலயும் இல்ல, அதிலயும் இல்ல, இன்ரநெற்றிலயும் இல்ல!”

பக்கவாதத்தில் அவரது இடக்கை விரல்கள் மடங்கிப்போயிருந்தன. மற்ற ஒலிநாடாக்களைச் சுனாமி கொண்டுபோயிருந்தது. அவர் வாசித்ததற்கு உலகத்தில் எஞ்சியிருந்த ஒரே சாட்சி அந்தப் பதினொரு நிமிடம்தான்.

“அவன்ட ஸ்டூடியோவ இழுத்து மூடவைக்காம நான் கண்மூடமாட்டன். சட்டத்தரணிட கடிதம் இந்தா, சட்டைப்பைக்குள்ள கிடக்கு.”

“நிலோஜன் என்ன சொல்றார், ஐயா?” மஜீட் நிதானமாகக் கேட்டார்.

“பதிஞ்சது அவன்ட தகப்பன் இராசதுரை, மைக் செற்காரன். கச்சேரியிலயே டேப் அறுந்து, நான் வாசிக்கக்குள்ள ஓடவேயில்லையாம். ரீலையும் காட்டினான். அந்த இடத்தில ஒட்டுத்தான் கிடக்கு.”

பின்கட்டில் தறியில் இருந்த மஜீடின் மனைவி ஸகியா எழுந்தே வந்துவிட்டார். “பொய்! இசைத்தட்டில இடம் காணாம வெட்டியிருப்பான். புடிச்சாச்சு!”

“பொறுகா. இசைத்தட்டில ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம் மட்டிலதான் கொள்ளும், சரி. குறுந்தட்டில இடம் கிடக்கே?”

“அப்ப நான் புடிக்கல்லயா?”

“பாதி புடிச்சிருக்காய்.”

மஜீட் முதலில் குறுந்தட்டைக் கேட்டார். புஸ்பத்தின் பாட்டு முடிந்தது; துடைத்துவிட்டாற்போல் அமைதி; அடுத்த பாட்டு. பிறகு இசைத்தட்டை ஓடவிட்டு, அதே இடத்தில் சத்தத்தைக் கூட்டினார். இரைச்சலுக்குள் நுளம்பின் ரீங்காரம் போல ஒரு வில்லிழுப்பு எழுந்து மறைந்தது.

“ஊசியில அழுக்கு,” என்றார் ஸகியா.

மஜீட் ஊசியைத் துடைத்து வைத்தார். மறுபடியும் அதே ஒலி.

“போன கிழமை ஈரத்தோட மடிச்சுவச்ச சாரன் என்ன ஆகின?”

“அத ஏன் இப்ப கிளர்றீங்க? சிவப்புக் கரை பக்கத்து மடிப்பில ஊறிட்டு.”

“அதக் கொண்டா. நாளைக்குக் கல்லடிக்குப் போவம்.”

மறுநாள் காலை, நிலோஜனின் ஸ்டூடியோ மேசையில் மஜீட் சாயம் ஊறிய அந்தச் சாரன் துணியை விரித்தார். நிலோஜன் கைகட்டி நின்றான். வினாயகமூர்த்தி சட்டைப்பையை அழுத்திப் பிடித்திருந்தார்.

“டேப்பையும் சுருட்டித்தான் வைக்கிற. ஒரு சுற்றில பலமாப் பதிஞ்ச சத்தம், பக்கத்துச் சுற்றில இந்தச் சாயம் மாதிரி மெல்லிசா ஊறும். வாசிப்பு பதிவாகவே இல்லையெண்டா, ஒட்டுக்கு முன்னால வயலின் சத்தம் எப்பிடி ஊறின? பதிஞ்ச பிறகு, சுருண்டு கிடந்த டேப்பத்தான் வெட்டியிரிக்கு. குறுந்தட்டுக்கும் இன்ரநெற்றுக்கும் இரைச்சல நீக்கக்குள்ள அந்தச் சாயமும் போயிட்டு. இசைத்தட்டு வாங்குறவங்களுக்குப் பழைய நாதம் வேணுமெண்டு அதை மட்டும் தொடாம விட்டீங்க, தம்பி.”

நிலோஜனின் பார்வை அலமாரிப் பக்கம் போனது.

“தகப்பன் பதிஞ்சத எறிஞ்சிருக்கவும் மாட்டீங்க.”

நிலோஜன் அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் தகரத்தை எடுத்தான். உள்ளே இருந்த நாடாத் துண்டைப் பழைய இடத்தில் ஒட்டி ஓடவிட்டான்.

வயலின் அறையை நிறைத்தது. வினாயகமூர்த்தியின் மடங்கிய விரல்கள் முழங்காலில் அசைந்தன. வாசிப்பு முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும், ஒரு பிள்ளையின் குரல் கேட்டது: “மாமா, இத ஒருக்காத் தொட்டுப் பாக்கட்டா?”

“மைக் கட்டுறவன்ட பொடியனுக்கு வயலினாம்! போடா, போய் வயர் சுத்து!” வினாயகமூர்த்தியின் இளவயதுக் குரல்.

சிரிப்பொலி. மிக உரத்த சிரிப்பு மைக்குக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

“அது அப்பா,” என்றான் நிலோஜன். “சிரிக்காட்டி அடுத்த திருவிழாவுக்குக் கூப்பிடமாட்டாங்க எண்டு சிரிச்சவர். வீட்டுக்குப் போற வழி முழுக்க என்னோட கதைக்கல்ல. நாப்பது வருஷத்துக்குப் புறகு இதக் கேட்டன் சேர். எட்டே எட்டு நொடி. அத மட்டும் வெட்டியிருக்கலாம்.”

“ஆனா பதினொரு நிமிஷத்தையும் வெட்டினீங்க,” என்றார் மஜீட்.

“ஓம். இவர் வாசிச்சதே இல்லையெண்டு ஆக்கணும் எண்டு நினைச்சன்.”

வினாயகமூர்த்தி சுழலும் ரீலையே பார்த்திருந்தார்.

“திருப்பிச் சேர்த்து வெளியிடுறன்,” நிலோஜன் சொன்னான். “உங்கட மானத்துக்கு அந்த எட்டு நொடிய எடுத்துவிடுறன்.”

“எடுக்காத மனே. அதுவும் நான் வாசிச்சதுதான்.”

வெளியே வந்ததும், சட்டத்தரணியின் கடிதத்தை நான்காகக் கிழித்தார்.

அடுத்த வெள்ளி மதியம், நிலோஜன் சாப்பிடப் போயிருந்த நேரம். ஸ்டூடியோ விறாந்தையில் வினாயகமூர்த்தி தனியாக ஏறினார். கொண்டுவந்த வயலின் பெட்டியைக் கதவோரம் வைத்தார். பூட்டைக் கழற்றி, மூடியைத் திறந்து வைத்தார். அதைத் தொடுவதற்கு நிலோஜன் இனி யாரையும் கேட்கத் தேவையில்லை.

ஒருவரும் காணாமல் படியிறங்கி, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.