மூடிய குழியில் புகை

"அய்யோ... அண்ணி!"

சம்பத் போட்ட அலறலில் வேப்பமரத்துக் காக்கைகள் பறந்தன.

மேனாம்பேடு. 1994, மார்கழி விடியல். ஜன்னலுக்கு வெளியே, கீரைத்தோட்டத்து மூலையில், எருக்குழியிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. வெள்ளையாக... மெல்ல...

பனியா? பனி என்றால் தோட்டம் முழுக்க அல்லவா இருக்க வேண்டும்!

அந்தக் குழிக்குள் அவன் அண்ணி வடிவு கிடக்கிறாள்.

போட்டவன் அவன்தான்!

தோட்டம் செத்துப்போன அண்ணனுடையது. பிளாட் போட விற்றுவிடலாம் என்று சம்பத் கெஞ்சினான், மிரட்டினான். அவளோ மகளிர் சங்கத்தில் சின்னதாகக் கடன் வாங்கிக் கிணற்றைத் தூர்வாரினாள். இயற்கை விவசாயப் பயிற்சிக்குப் போய்வந்து எருக்குழி வெட்டினாள். கழுத்தை நெரிக்கும்போதுகூட, "விக்க மாட்டேன்டா!" என்றுதான் சொன்னாள்.

மாங்காட்டில் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று பத்து நாளாக ஊரை நம்ப வைத்திருக்கிறான். மண் பூசி மூடிய குழியை மாதக்கணக்கில் யாரும் தொடமாட்டார்கள் என்று வடிவே சொல்லிக் கேட்டிருக்கிறான். அந்தத் தைரியம்தான். ஆனால் தினமும் காலையில் இந்தப் புகை...! பயத்தில் சோறு இறங்கவில்லை.

வாசலில் பேச்சுக்குரல். சங்கத் தலைவி பொன்னியம்மா. பின்னால் மண்வெட்டிகளோடு நாலைந்து பெண்கள்.

"இன்னா சம்பத்து, மூஞ்சி வெளுத்துப் போய்க் கீது?"

"ஒ... ஒண்ணுமில்லக்கா. இன்னா விசயம்?"

"எரு அள்ளணும். வடிவு அப்பவே சொல்லிக்கீறா."

"அண்ணி வரட்டும்க்கா!"

"அவ வர்றசொல்ல வரட்டும். எரு சங்கத்துக்குப் பொதுதானே?"

பொன்னியம்மா குழியருகே போய்க் கடப்பாரையை ஓங்கினாள்.

"குத்தாதக்கா! அண்ணிக்கு வலிக்கும்!"

கடப்பாரை அந்தரத்தில் நின்றது.

படுபாவி... வாயாலேயே கெட்டான்!

மத்தியானம். கையில் விலங்கோடு ஜீப்பருகே நின்றான் சம்பத். இன்ஸ்பெக்டர் உலகநாதன் சிரித்தார்.

"எரு மக்கும்போது சூடாகும்யா, புகை வரும். அதைப் பேய்னு நெனச்சு உளறிட்டியே!"

வெறும் சூடா? இதற்கா மாட்டிக்கொண்டோம்! தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் கையில் விலங்கு.

"இல்ல சார்..." பொன்னியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மக்காத எருவ நாங்க ஏன் சார் அள்ள வரோம்? இது போன மாசமே மக்கி, சில்லுனு ஆயிட்ச்சி. சூடே கெடையாது."

இன்ஸ்பெக்டரின் சிரிப்பு நின்றது.

"அப்ப... அந்தப் புகை?"

பொன்னியம்மா சம்பத்தையே பார்த்தாள்.

"எருதான் சார் ஆறிட்ச்சி. வடிவு இன்னும் ஆறல!"