உள்ளங்கையின் நிறம்

புது மானிட்டரில் ஏலக்காய் சரியாகத்தான் இருந்தது. அதை ஏந்தியிருந்த உள்ளங்கைதான் சரியில்லை.

சர்ஃபராஸ் போடியில் ஏலக்காய் வியாபாரி. வெளியூர்க்காரர்களுக்குப் படம் அனுப்பித்தான் விற்பான். காயின் பருமன் தெரிய வேண்டுமே, அதற்காக உள்ளங்கையில் வைத்துப் படமெடுப்பது வழக்கம். கை அவன் மனைவி சுஃபியாவுடையது. பழைய மானிட்டர் பச்சைக் காயையும் வெளுப்பாகக் காட்டித் தொலைத்ததால், அவன் படத்தில் பச்சையைக் கூட்டி அனுப்ப, சரக்கு வேறு என்று இரண்டு பேர் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஆத்திரத்தில்தான் நாலு மடங்கு விலை கொடுத்து இதை வாங்கினான். வாங்கிய நாளிலிருந்தே, கடைக்காரர் ராம்பிரசாத் தன் தலையில் கட்டிவிட்டாரோ என்ற சந்தேகம் அவனை அரித்தது.

இப்போது படத்தில் சுஃபியாவின் விரல்கள் சாம்பல் பூத்த நீலமாக இருந்தன. நகங்கள் அதைவிடக் கறுப்பு.

கடைக்குப் போன் போட்டான். “அண்ணே, கலரு தப்பாக் காட்டுது. மனுசக் கையி பொணக் கையாட்டம் இருக்கு.”

“சும்மா சந்தேகப்படாதீங்க பாய். அந்தக் காயவே எடுத்து, திரைக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒத்து வரலேன்னா நானே வந்து தூக்கிட்டுப் போறேன்.”

சன்னல் வழியாக மத்தியான வெளிச்சமும், மாடியில் காயும் ஏலத்தின் நெடியும், அடுக்களையில் கரண்டி உரசும் சத்தமும் அறைக்குள் வந்துகொண்டிருக்க, அவன் காயைத் திரையருகே பிடித்தான். அதே பச்சை. காம்போரத்து மஞ்சள்கூட அப்படியே. தன் கையைப் படமெடுத்துப் போட்டான். அதே மாநிறம்.

மானிட்டர் பொய் சொல்லவில்லை.

பழைய படங்களைத் திறந்தான். ஞாயிற்றுக்கிழமை, அவள் சுண்டுவிரல் நுனி மட்டும் நீலம். செவ்வாய், ஐந்து விரலும். இன்று மணிக்கட்டுவரை.

அடுக்களைக்குப் போனான். சுஃபியா மூன்று வயது ருக்கையாவுக்குத் தயிர்ச்சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். கை எப்போதும்போலச் சிவந்த கைதான். தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பாக இருந்தது. அது இன்னும் பயமாக இருந்தது.

“என்னங்க, புதுசாப் பாக்குற மாதிரி பாக்குறீங்க?”

“ஒண்ணுமில்ல. ருக்கையாம்மா, அத்தாவப் பாத்துச் சிரி.”

குழந்தை வாய் நிறையச் சோற்றோடு சிரித்தாள். படமெடுத்துக்கொண்டு அறைக்கு ஓடினான்.

படம் திரையில் விரிந்தது.

உதடு நீலம். நாக்கு நீலம். கன்னத்தில் ஐந்து விரல் பதிந்த நீலம்.

“சுஃபியா, ஊட்டாத!” கத்தினான்.

அடுக்களையில் சிரிப்புச் சத்தம் இல்லை.

ஓடினான். ருக்கையா தாயின் மடியில் சரிந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. வாயும். அந்த உதட்டின் நிறத்தைப் பார்க்க இப்போது மானிட்டர் தேவைப்படவில்லை.

“இன்னும் ஒரே ஒரு வாயி, ஆத்தா,” என்று சொல்லியபடி சுஃபியா அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.