இரண்டாவது குண்டு

காலையில் ஆய்வகத்தைத் திறந்ததும் ரோஸ்லின் செய்கிற முதல் வேலை, இறந்தவர்களின் துப்பாக்கிகளை அலமாரியிலிருந்து எடுத்துத் தட்டில் வைப்பது. எல்லாமே உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறவை. அரசாணைகளில் அதன் பெயர் மறைகாப்புத் துப்பாக்கி. தூத்துக்குடியில் அது வெறும் 'குட்டி'. இருபது வயது ஆன எவரும் குட்டி இல்லாமல் தெருவில் இறங்கக்கூடாது. மீன் வாங்கப் போகிறவர் இடுப்பிலும், பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவர் சட்டைப்பையிலும் அது இருந்தாக வேண்டும். காவல் நிலையங்களை மூடிய பிறகு வந்த சட்டம் அது.

ஆனால் குட்டியை நம்ப முடியாது. குழல் குட்டை, பிடிக்க இடமில்லை, பையில் கிடக்கும் பஞ்சும் வியர்வையும் உப்புக்காற்றோடு சேர்ந்து உள்ளே பசையாகிவிடும். முதல் குண்டு எப்படியாவது போய்விடும். காலித் தோட்டா வெளியே தெறிக்காமல் சிக்கிக்கொண்டால் இரண்டாவது போகாது.

ரோஸ்லினின் உத்தியோகம் அந்த இரண்டாவது குண்டில்தான் இருந்தது. சமகாப்புச் சட்டப்படி, ஆயுதம் உள்ளவரை ஆயுதம் உள்ளவர் சுட்டால் அது கொலை இல்லை, சமச்சண்டை. செத்தவரின் குட்டி வேலை செய்யாதது என்று தெரிந்தால் மட்டுமே, நிராயுதபாணியைக் கொன்றதாகக் கணக்கு. சுட்டவருக்கு ஆயுள் தண்டனை. இரு தரப்பும் பார்த்திருக்க, குட்டியைக் கிடைத்த நிலையிலேயே, துடைக்காமல், இரண்டு முறை சுட்டுக் காட்டுவாள் அவள். இரண்டும் போனால் சுட்டவர் வீட்டுக்குப் போகலாம். இரண்டு குடும்பங்களில் ஒன்று அவளைத் திட்டிக்கொண்டேதான் வெளியேறும். அவள் வீட்டு வாசலில் யாரோ தார் ஊற்றிவிட்டுப் போனதை இன்னும் முழுக்கச் சுரண்டி எடுக்க முடியவில்லை.

அன்றைக்குத் தட்டில் இருந்தது பிச்சையாவின் குட்டி. புறவழிச்சாலையில் வண்டிகளுக்கு மின்னேற்று நிலையம் வைத்திருந்தவர். தண்ணீர் லாரிகள் ஓட்டுகிற தர்மசீலன், வரிசையை உடைத்துத் தன் லாரிகளை உள்ளே விட்டபோது, வரிசையில் பின்னால் வாருங்கள் என்று பிச்சையா சொல்லியிருக்கிறார். தர்மசீலன் அங்கேயே சுட்டுவிட்டான்.

சோதனைக்கு முன்பே தர்மசீலன் அவள் மேஜைக்கு வந்து நின்றான். பின்னால் அவன் ஆட்கள் இருவர்.

"மேடம், மணிக்கட்டத் தளர விட்டா ரெண்டாவது குண்டு சிக்கும்னு எனக்குத் தெரியும். கைய நல்லா இறுக்கிப் பிடிங்க. எங்க பயலுவ உங்க கையத்தான் பாத்துக்கிட்டு நிப்பானுவ."

"தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பாக்கச் சொல்லுங்க."

"சொல்லுதேன். உங்க மக ரயில்வே கேட் வழியாத்தான காலேஜுக்குப் போவுது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனான்.

பிச்சையாவின் மனைவி சந்தனமாரி நடைக்கூடத்தில் அவளை மறித்தாள். கண்ணில் நீர் இல்லை. குரலில் வெறுப்பு மட்டும்தான் இருந்தது, ரோஸ்லின் மீதும் சேர்த்து.

"அவரு கை பாக்கெட் பக்கமே போகல. கேமராவுல இருக்கு. நீங்க எல்லாரும் பாத்தீங்கதான?"

"பாத்தோம்மா. கை எங்க இருந்துச்சுன்னு சட்டம் கேக்காது. துப்பாக்கி சுடுமான்னு மட்டுந்தான் கேக்கும்."

"அப்ப அவன் வீட்டுக்குப் போயிருவான்."

"பாக்கலாம்" என்றாள் ரோஸ்லின். அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை கிடையாது.

இத்தனை வருடத்தில் அவள் கை ஒருமுறைகூடத் தளர்ந்ததில்லை. செத்தவர்களுக்காக இரங்கியிருக்கிறாள், ஆனால் மணிக்கட்டு நேராகவே நின்றிருக்கிறது. அன்று, தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தர்மசீலன் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தபோது, அவன் சொன்ன ரயில்வே கேட் அவள் நெஞ்சில் எரிந்தது. விரல்களை மட்டும் இறுக்கினாள். பார்க்கிறவர்களுக்கு இறுக்கமான பிடி. மணிக்கட்டை உள்ளுக்குள் துணிபோல விட்டுவிட்டாள். இப்படிப் பிடித்தால் பத்துக்கு ஒன்பது குட்டி சிக்கிக்கொள்ளும். அவன் உள்ளே போகட்டும்.

முதல் குண்டு போனது. குட்டி அவள் கையில் மேல்நோக்கித் துள்ளியது. காலித் தோட்டா தெறித்து விழுந்து தரையில் உருண்டது. அவள் மறுபடி விசையை இழுத்தாள். இரண்டாவதும் போனது. இலக்கு அட்டையில் இரண்டு ஓட்டைகள், அருகருகே.

கண்ணாடிக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். சோதனையை மேற்பார்த்த ஆய்வகக் கண்காணிப்பாளர் பதிவுக்கருவியில் 'நம்பகமானது' என்று அழுத்தி, தர்மசீலனின் சொந்தத் துப்பாக்கியை அவனிடமே திருப்பிக் கொடுத்தார். போகிற போக்கில் அவன் ரோஸ்லினைப் பார்த்துத் தலையசைத்தான். "நல்ல கை, மேடம்."

அவர்கள் போன பிறகு ரோஸ்லின் குட்டியைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே பஞ்சு இல்லை, பசை இல்லை. ஒவ்வொரு பாகமும் பளபளத்தது. மெல்லிய எண்ணெய் வாசனை. இப்படி ஒரு குட்டியை அவள் இங்கே பார்த்ததே இல்லை. எவ்வளவு தளர்ந்த கையிலும் சுடும்.

சட்டப்படி குடும்பத்தாரிடம் அதை ஒப்படைக்க வேண்டும். சந்தனமாரி பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ரோஸ்லின் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன சொல்வது என்று தெரியாமல், "உங்க வீட்டுக்காரரு இத ரொம்பக் கவனமா வச்சிருந்திருக்காரு" என்றாள்.

"அவரா?" சந்தனமாரி திரும்பினாள். "அவரு இதத் தொடக்கூட மாட்டாரு. காலையில நான்தான் பாக்கெட்டுல போட்டு பட்டன் மாட்டி விடுவேன். ஞாயித்துக்கிழமையானா கழட்டித் தொடச்சு, தையல் மிஷின் எண்ணெய் விட்டு வைக்கிறது நான்தான். ஆபத்து நேரத்துல இது சிக்கிக்கிடக் கூடாதேன்னு."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகம் மாறியது. தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்துவைத்துப் பார்த்தாள். ரோஸ்லின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மணிக்கட்டைத் தளர விட்டதைச் சொல்லலாமா என்று நினைத்தாள். அதில் இவளுக்கு என்ன ஆறுதல்? தன் மகளின் குட்டிக்கும் முந்தாநாள்தான் எண்ணெய் விட்டது நினைவுக்கு வந்தது.

சந்தனமாரி ரோஸ்லின் கையிலிருந்து அந்தக் குட்டியை எடுத்துக்கொண்டாள்.

"மூத்தவளுக்கு அடுத்த மாசம் இருபது முடியுது. இது அவளுக்குத்தான் வரும்."

"ஆமா."

"எப்படி வச்சிருந்தா இது சுடாது? எனக்கு அது தெரியணும்."

ரோஸ்லின் நடைக்கூடத்தின் இரு பக்கமும் பார்த்தாள். பிறகு குனிந்து, சமையல் பக்குவம் சொல்வதுபோலத் தணிந்த குரலில் சொல்லத் தொடங்கினாள்.

"தொடைக்காதீங்க. எண்ணெய் விடாதீங்க. பழைய பஞ்சுப் பையில போட்டு, கடல் காத்து அடிக்கிற ஜன்னல்ல வைங்க."

"எத்தன நாள் ஆகும்?"

"ஒரு மழைக்காலம் போதும்."

சந்தனமாரி அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு எழுந்தாள். "அவளுக்கு அடுத்த மாசமே வேணும். மழை வர இன்னும் நாளிருக்கே" என்றாள்.