பின்னணி கழித்தது போக

“என் மூக்கைத் திறந்துவிடுங்க சார்.”

இதை மட்டும் ஒருநாளும் கேட்கக் கூடாது என்று பணியில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். கேட்டுவிட்டேன். காற்றுத்தர வாரியத்தின் மண்டலப் பொறியாளர் தணிகைவேல் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அளவுகளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரும் காலைச் சுழியாக்கம் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் நடப்பதுதான். தோல் பேட்டையைச் சுற்றியுள்ள உணரிகள் நேற்றைய காற்றின் அளவுகளை அனுப்பும். அதிலிருந்து நாங்கள் பின்னணி அளவைக் கழிப்போம். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் மாசு, வாரியத்தின் சொற்கோவைப்படி மாசு அல்ல. அது பின்னணி. கழித்தது போக, நான் பிறந்த சுண்ணாம்புக்குழித் தெருவில் மிஞ்சியது பூச்சியம்.

அந்தச் சொற்கோவையைப் படித்துத் தேறியவர்களுக்கு மணப்பூட்டு போட்டுவிடுவார்கள். மூக்கின் உச்சியில், நரம்பு ஏறும் இடத்தில், அரிசி அளவு சில்லு. அளக்கிறவர் மோந்து பார்த்தால் அளவு கெட்டுவிடுமாம். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். கல்லூரி இலவசம், விடுதி இலவசம், கடைசியில் பூட்டு. ஒப்பந்தத்தில் ரேகை வைத்த அப்பா, நாற்றம் தெரியாமல் இருந்தால் நல்லதுதானே என்றார். தோலை ஊறவைக்கும் தொட்டியில் இறங்கி நிற்கிறவருக்கு அது வரமாகத்தான் பட்டிருக்கும்.

“எதுக்கும்மா? பேட்டைக் காத்தை மோந்து பாக்கவா?” என்றார் தணிகைவேல்.

அக்காவுக்குக் குழந்தை பிறந்திருப்பதைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்புக்குழித் தெரு வீட்டில் ஒவ்வொருவராக அதை உச்சி முகர்ந்தார்கள். அம்மா முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் திறக்கவே இல்லை. பிறகு என்னிடம் தந்தார்கள். பூனைமுடி மூக்கில் குறுகுறுத்தது. அவ்வளவுதான். கண்ணாடியை மோந்தது போல இருந்தது. எப்படிடி இருக்கு என்று அக்கா பூங்கொடி கேட்டாள். நல்லாருக்கு என்றேன். மாமா மறுபடி குழந்தையை வாங்கி மோந்தபோது அவர்மேல் எனக்கு வந்த எரிச்சலை என்னவென்று சொல்ல? எல்லாச் சேர்மத்துக்கும் எனக்குப் பெயர் தெரியும். அந்த உச்சந்தலையில் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியாது. அன்றிலிருந்து சோறு, மழை, என் தலையணை என்று எதை எடுத்தாலும் மூக்கருகே கொண்டுபோகிறேன்.

தணிகைவேல் சிரிக்கவில்லை. “பால் மணம் வரும்னு நினைக்கிறியா? அந்தத் தெருவுல குழந்தை தலையிலயும் அழுகின முட்டை வாடைதான் அடிக்கும்.”

“தெரியும் சார், ஹைட்ரஜன் சல்பைடு. அக்கா அதை நாத்தம்னு எழுதிப் புகார் கொடுத்தா. சொற்கோவையில இல்லாத சொல்லுன்னு நம்ம எந்திரம் திருப்பி அனுப்பிருச்சு. வாடை தெரிஞ்சவளுக்குப் பேர் தெரியல. பேர் தெரிஞ்ச எனக்கு வாடை தெரியல. நல்லாத்தான் பிரிச்சு வெச்சிருக்கீங்க.”

திறந்தால் பட்டம் ரத்து, வேலை போகும், வாரியக் குடியிருப்பும் போகும் என்று அவர் அடுக்கினார். சுண்ணாம்புக்குழித் தெருவுக்கே திரும்ப வேண்டியிருக்கும். அவர் மூக்கிலும் பூட்டு உண்டு; பேசும்போது விரல் தானாக அங்கே போய்வந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“நாலு நாள் உனக்குச் சோறு இறங்காது. அப்புறம் மூக்கு பழகிடும்மா. உனக்கும் அது பின்னணி ஆயிடும். குழந்தை மணமும் தெரியாது, நாத்தமும் தெரியாது. இதுக்கா பட்டத்தைத் தொலைக்கிற?”

“பழகுறதுக்குள்ள அக்கா புகாரை நானே எழுதிடுவேன் சார், சேர்மத்தோட பேரைப் போட்டு. பட்டத்தை நீங்க எடுத்துக்கலாம். படிச்ச சொல்லை எப்படி எடுப்பீங்க?”

திரையில் எங்கள் தெரு பச்சையாக மாறியது. உட்காரும்மா, மத்தியானம் பேசலாம் என்றார். பட்டத்தை ஒப்படைத்தால் பூட்டைத் திறந்துவிடும் அறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. அவர் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.